புதிய மேக்புக்கில் பூட் கேம்ப் கிடையாது
மேக்புக் வாங்கினால், மேக்கில் விண்டோஸை நிறுவ ஆப்பிள் தந்த பூட் கேம்ப் என்ற மென்பொருள் வழியாக விண்டோஸையும் நிறுவிக்கொள்ளலாம், ஆகவே ஒரே விலைக்கு இரண்டு இயங்குதளங்கள் கிடைக்கும் என்று ஒருவர் எழுதியிருப்பது இன்றைய மாதிரிகளுக்குப் பொருந்தாது. இன்டெல் செயலி கொண்ட மேக் கணினிகளில் மட்டுமே பூட் கேம்ப் இயங்கும். 2020 நவம்பரில் ஆப்பிளின் சொந்தச் செயலியான எம்1 சில்லுடன் வந்தவை முதற்கொண்டு அந்த வசதி இல்லை. இப்போது பேரலல்ஸ் போன்ற மெய்நிகர் கணினி மென்பொருளை (மேக்குக்குள்ளேயே இன்னொரு கணினி போல இயங்குவதை) நிறுவி, அதற்குள் எம்1 போன்ற ஆர்ம் வகைச் செயலிக்கான விண்டோஸ் 11-ஐ, அதற்குரிய உரிமத்தையும் தனியே வாங்கி, இயக்க வேண்டியிருக்கிறது. அன்றாட மென்பொருள்கள் பெரும்பாலும் அதில் ஓடிவிடும் என்றாலும், ஆர்முக்கான டிரைவர் (கருவியை இயக்க உதவும் மென்பொருள்) இல்லாத பழைய ஸ்கேனர் போன்ற கருவிகள் அந்த விண்டோஸில் வேலை செய்யா. விண்டோஸுக்கான டாலி பிரைம் மென்பொருளில் கணக்கு எழுதும் சிறு வணிகர்கள் பூட் கேம்ப் பற்றிய அந்த ஒரு வாக்கியத்தை நம்பிப் பெருந்தொகையைச் செலவிட்டுவிடக் கூடாது என்பதே என் கவலை. அவர்களுக்கு விண்டோஸ் மடிக்கணினியே பொருத்தமானது.