பைசாவைப் பார்க்கணுமா, ஜெனோவாவுக்குப் போ

பைசாவின் சாய்ந்த கோபுரத்தைக் கையால் தாங்கிப் பிடிப்பதுபோலப் படம் எடுக்காமல் அங்கிருந்து யாரும் திரும்புவதில்லை. 1284-ல் அந்தக் கோபுர வேலை பாதியில் நின்றுபோனது. ஏன் என்று தேடப் போய், ஒரு வாரமாக எனக்கு வேறு நினைப்பே இல்லை.

அந்த ஆண்டு ஆகஸ்ட் 6, புனித சிக்ஸ்துஸ் திருநாள். பைசாக்காரர்களுக்கு ராசியான நாள். மெலோரியா என்ற பாறைத் திட்டுக்கு அருகே பைசாவின் போட்டித் துறைமுக நகரமான ஜெனோவாவின் தளபதி ஓபெர்தோ தோரியா ஒரு வரிசைக் கப்பல்களை முன்னால் நிறுத்தினார். பெனெதெத்தோ ஸக்காரியாவின் 30 கப்பல்கள் கண்ணில் படாதபடி பின்னால் காத்திருந்தன. எதிரி இவ்வளவுதான் என்று நம்பிப் பைசா பாய்ந்தது. சண்டை உச்சத்தில் இருக்கும்போது அந்த 30 கப்பல்களும் பக்கவாட்டில் வந்து மோதின. அன்றோடு பைசாவின் கடல் பலம் போயிற்று.

இவர்கள் ஒன்றும் பரம்பரை எதிரிகள் இல்லை. 1016-ல் சேர்ந்தே கப்பலேறிப் போய் சார்டினியாத் தீவிலிருந்து, ஸ்பெயினின் தேனியாவை ஆண்ட முஜாஹித் என்ற முஸ்லிம் அரசரின் படையை விரட்டியவர்கள்தான். அப்புறம் அதே சார்டினியாவும் கோர்சிகாவும் யாருக்கு என்பதில் பகை முற்றியது.

என்னைத் தூங்கவிடாதது சண்டை இல்லை, கைதிகள். 9,000 பேருக்கும் மேல் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் கணக்கு. “பைசாவைப் பார்க்கணுமா, ஜெனோவாவுக்குப் போ” என்று சொலவடையே பிறந்துவிட்டது. அதே காலத்தில் வாழ்ந்த சலிம்பேனே என்ற பிரான்சிஸ்கன் துறவி எழுதி வைத்திருக்கிறார்: பைசாவின் பெண்கள், வசதியான வீட்டுப் பெண்கள், முப்பது நாற்பது பேராகச் சேர்ந்து ஜெனோவாவுக்கு நடந்தே போனார்கள். ஏறக்குறைய 160 கிலோமீட்டர். ஒருத்திக்குக் கணவன் உள்ளே, ஒருத்திக்கு மகன், ஒருத்திக்கு அண்ணன். கேட்டால் காவலர்கள் சொன்ன பதில், “நேற்று முப்பது பேர் செத்தார்கள், இன்றைக்கு நாற்பது, கடலில் போட்டுவிட்டோம்.” கைதிகளைக் கொல்லாமலும் விடாமலும் வைத்திருந்ததற்குச் சொல்லப்படும் காரணம் இன்னும் கொடுமை. கணவன் உயிரோடு இருக்கும்வரை மனைவி மறுமணம் செய்ய முடியாது. பைசாவில் பிள்ளை பிறக்கக் கூடாது.

“நகரங்கள் போட்டி போட்டதால்தான் இத்தாலியில் கலை வளர்ந்தது” என்று எழுதுகிறவர்களிடம் எனக்கு இருக்கும் கோபம் இதுதான். அந்தக் கணக்கில் இந்தப் பெண்கள் எந்தப் பக்கத்தில் வருகிறார்கள்?

கைதிகள் தங்களுக்குள் ஒரு சங்கம் அமைத்து, தனி முத்திரைகூட வைத்திருந்தார்கள். 1288-ல் ஓர் ஒப்பந்தம் ஆனது, நடைமுறைக்கு வரவில்லை. அவர்கள் ஊர் திரும்பினால் தன் அதிகாரம் போய்விடும் என்று பைசாவை ஆண்ட உகோலினோ பிரபுவே இழுத்தடித்தார் என்ற குற்றச்சாட்டும் உண்டு. அவரை அவருடைய ஊர்க்காரர்களே மகன்கள், பேரன்களோடு ஒரு கோபுரத்தில் அடைத்து, 1289-ல் பட்டினி போட்டுக் கொன்றார்கள். 1290-ல் பைசாவின் துறைமுக வாயிலை அடைக்கும் சங்கிலியைப் பெயர்த்துக் கொண்டுபோய் ஜெனோவா தன் நகர வாசலில் தொங்கவிட்டது. திருப்பிக் கொடுத்தது 1860-ல்.

அந்தச் சிறையில் ருஸ்திகெல்லோ என்ற பைசாக்காரர் ஒருவர் இருந்தார். மெலோரியாவில் பிடிபட்டவராகத்தான் இருக்கும் என்பது பலரின் கருத்து. 1298 வாக்கில் அங்கே இன்னொரு கைதி வந்து சேர்ந்தார், வெனிஸ்காரர் மார்க்கோ போலோ. நம் பாண்டிய நாட்டுக் காயல் துறைமுகத்தையும், ஏடனிலிருந்தும் ஓர்முசிலிருந்தும் குதிரை ஏற்றி வந்த கப்பல்களையும் பற்றிப் போலோ சொல்லச் சொல்ல, எழுதியவர் இந்த ருஸ்திகெல்லோதான். மெலோரியாவில் பிடிபட்டவர் என்றால், அப்போது அவர் உள்ளே வந்து 14 ஆண்டு ஆகியிருந்தது.