பெரிய பிஸ்டன் போட்டால் நியூட்ரலையும் பாருங்கள்
ஆயில் அழுத்தத்தில் இயங்கும் பைக் கிளட்சில், எஞ்சின் பக்கம் இருந்து கிளட்சைத் தள்ளும் ஸ்லேவ் சிலிண்டரைப் பெரிதாக்கினால் போதும், கிளட்ச் லீவர் லேசாகிவிடும் என்று கட்டுரையில் இருப்பது பாதிதான் சரி. 28 மி.மீ. பிஸ்டனுக்குப் பதில் 30 மி.மீ. போட்டால் பரப்பளவுக் கணக்குப்படி கை அழுத்தம் சுமார் 13 சதவீதம் குறையும்; ஆனால் கிளட்சை விடுவிக்கும் புஷ்ராடு (தள்ளும் கம்பி) நகரும் தூரமும் அதே அளவு குறையும், அதனால் கிளட்ச் முழுசாக விடுபடாமல் போகலாம். நான் மாற்றிய வாரமே மதுரை சிம்மக்கல்லில் லீவரை முழுக்கப் பிடித்தும் வண்டி முன்னால் இழுத்தது, நியூட்ரல் விழவே இல்லை. கிளட்ச் ஆயில் லைனில் கொஞ்சம் காற்று இருந்திருக்கிறது. பழைய பிஸ்டனில் அது தெரியாமலே ஓடியிருக்கும். ஆயிலை மாற்றி, காற்றை முழுசாக எடுத்த பிறகுதான் சரியானது. இப்போது கோரிப்பாளையம் நெரிசலிலும் மணிக்கட்டு வலிப்பதில்லை. அப்புறம், எந்த ஆயிலும் ஊற்றலாம் என்று மேலே ஒருவர் எழுதியிருக்கிறார், தயவுசெய்து வேண்டாம்: டாட் 4 என்ற பிரேக்-கிளட்ச் ஆயிலுக்கான சீலில் மினரல் ஆயில் பட்டால் ரப்பர் உப்பிவிடும்.