54-0 ஆன பிறகும் டுபோன் எதற்கு?

ஒருதலையான ஆட்டங்களால் ரசிகனுக்குச் சலிப்புதான் மிச்சம், சின்ன அணிகளை ரக்பி உலகக் கோப்பையில் சேர்க்கவே கூடாது என்று கட்டுரையாளர் எழுதியிருக்கிறார். சலிப்பு என்பதை மட்டும் ஒப்புக்கொள்கிறேன்.

2023 செப்டம்பர் 21 அன்று மார்செய்யில் பிரான்ஸ் நமீபியாவை 96-0 என்று துவைத்தெடுத்த ஆட்டம். நம்மூரில் நள்ளிரவு 12.30க்குத் தொடங்கியது. இடைவேளைக்கே 54-0! இனி என்ன இருக்கிறது என்று காபி போடப் போனேன். டம்ளரோடு திரும்பினால், பிரான்ஸ் கேப்டன் டுபோன் முகத்தைப் பிடித்துக்கொண்டு வெளியே போகிறார். நமீபியா கேப்டன் டெய்செலின் தலை மோதி கன்ன எலும்பு முறிந்துவிட்டது. டெய்செலுக்கு முதலில் மஞ்சள் அட்டை, பிறகு அதுவே சிவப்பானது.

பிரெஞ்சு ரசிகர்கள் பொங்கியது 96 புள்ளிகளைப் பற்றியா? இல்லை. 54-0 ஆன பிறகும் டுபோனை ஏன் களத்தில் வைத்திருந்தீர்கள் என்று பயிற்சியாளர் கால்தியேவைத்தான் பிடித்து உலுக்கினார்கள். நியாயமான கோபம். அறுவைச் சிகிச்சை முடிந்து, தலைக்கவசத்தோடு காலிறுதிக்கு வந்தார் மனிதர். தென்னாப்பிரிக்காவிடம் 28-29, ஒரே ஒரு புள்ளியில் போயிற்று. (எனக்கு இன்னும் ஆறவில்லை.)

நமீபியாவை விரட்டச் சொல்பவர்களுக்கு ஒன்று. 2003இல் இதே அணி ஆஸ்திரேலியாவிடம் 142-0 வாங்கியது. உலகக் கோப்பையில் இன்றுவரை ஒரு வெற்றிகூட இல்லை. நாலு வருஷத்துக்கு ஒருமுறை மட்டும் பெரிய அணியோடு மோத விட்டால் வேறென்ன நடக்கும்? நடுவில் அவர்களோடு ஆட யார் கூப்பிடுகிறார்கள்?