எடைதான் வழக்கையே தீர்மானிக்கிறது
1985 போதைப்பொருள் சட்டம் தொடக்கம் முதலே பிடிபட்ட எடைக்கேற்பத் தண்டனை தந்தது என்று ஒரு கட்டுரை சொல்வது சரியல்ல. 2001 திருத்தத்தில்தான் அது வந்தது. அதற்கு முன், சொந்த உபயோகத்துக்கான சிறு அளவு என்று குற்றம் சாட்டப்பட்டவரே நிரூபிக்காவிட்டால், சில கிராம் ஹெராயினுக்கும் குறைந்தது 10 ஆண்டு. இப்போது ஹெராயினில் 5 கிராம் வரை சிறு அளவு, 250 கிராமைத் தாண்டினால் வணிக அளவு. கஞ்சாவுக்கு இந்த வரம்புகள் 1 கிலோ, 20 கிலோ. ஆனால் பல வழக்குகள் தராசிலேயே சரிகின்றன. சட்டப்படி கஞ்சா என்பது பூவும் காயும் உள்ள நுனிப்பகுதி. தனியாக இருக்கும் இலையும் விதையும் அதில் சேராது. அவற்றைப் பிரிக்காமல், சாக்கோடு சேர்த்து 22 கிலோ என்று மகஜரில் (பறிமுதல் விவரப் பதிவில்) எழுதிவிட்டால், ஜாமீன் கிடைப்பது கடினமான வணிக அளவுதானா என்ற சந்தேகத்திலேயே ஜாமீன் கிடைத்துவிடலாம். மாஜிஸ்திரேட் முன்னிலையில் மாதிரி எடுக்க வேண்டும் என்ற 52ஏ பிரிவையும் பலர் கோட்டைவிடுகிறார்கள். தண்டனையைக் கூட்டுவதைவிட, பறிமுதல் செய்யும் காவலருக்கு இந்தப் பயிற்சியைத் தருவதுதான் இன்றைய அவசரத் தேவை.