கிரெட்ஸ்கியின் சாதனை எல்லாமே போய்விட்டதா?

"வெய்ன் கிரெட்ஸ்கியின் சாதனைகளை எல்லாம் அலெக்ஸ் ஒவெச்கின் முறியடித்துவிட்டார், இனி ஐஸ் ஹாக்கியில் அதிகப் புள்ளி அவருக்குத்தான்" என்று ஒரு தகவல் சுற்றுகிறது. (கிரெட்ஸ்கி ஓய்வுபெற்ற கனடா வீரர், ஒவெச்கின் ரஷ்ய வீரர்.) பாதி உண்மை என்பதால் எளிதில் நம்பிவிடுகிறார்கள்.

உண்மையான பாதி இது. 2025 ஏப்ரல் 6 அன்று நியூயார்க் ஐலண்டர்ஸ் அணிக்கு எதிராக ஒவெச்கின் தன் 895-வது கோலை அடித்தார். வட அமெரிக்காவின் முதன்மை ஐஸ் ஹாக்கி தொடரான என்.ஹெச்.எல்.-இன் லீக் ஆட்டங்களில் கிரெட்ஸ்கி அடித்தவை 894. இதில் ஒரு வேடிக்கை: அது ஒவெச்கினின் 1,487-வது ஆட்டம்; கிரெட்ஸ்கி ஆடி முடித்ததும் அதே 1,487 ஆட்டங்கள்தான்.

சரி, புள்ளிக் கணக்குக்கு வருவோம். இங்கே கோல் அடித்தவருக்கு மட்டுமல்ல, அந்தக் கோலுக்குப் பாஸ் கொடுத்தவருக்கும் ஒரு புள்ளி உண்டு. அதற்கு அசிஸ்ட் என்று பெயர். கிரெட்ஸ்கியின் மொத்தம் 2,857 புள்ளிகள், அவற்றில் 1,963 அசிஸ்ட்கள். அவருடைய கோல்கள் அத்தனையையும் அழித்துவிட்டாலும் முதலிடம் அவருக்கே! பட்டியலில் அடுத்து இருக்கும் யாரோமிர் யாகரின் மொத்தமே 1,921. சாதனைக் கோலை அடித்தபோது ஒவெச்கினிடம் இருந்தவை சுமார் 1,600 புள்ளிகள்.

கோல் கணக்கிலும் எல்லாம் கைமாறவில்லை. 1981-82 சீசனில் கிரெட்ஸ்கி அடித்த 92 கோல்தான் இன்றும் ஒரே சீசனுக்கான உச்சம். அதே சீசனில் முதல் 50 கோலை 39 ஆட்டங்களிலேயே அடித்தார். அப்புறம், என்.ஹெச்.எல். சாம்பியனுக்குத் தரப்படும் ஸ்டான்லி கோப்பை கிரெட்ஸ்கிக்கு நான்கு, ஒவெச்கினுக்கு 2018-ல் ஒன்று.