லேண்ட் க்ரூசரின் முதுகெலும்பு வி8 கிடையாது

டொயோட்டா லேண்ட் க்ரூசர் பற்றிப் பேச்சு எடுத்தாலே "வி8 போச்சு, வண்டியோட உயிரே போச்சு" என்று யாராவது ஒருவர் சொல்லிவிடுகிறார். வி8 என்றால் V வடிவத்தில் இரண்டு வரிசையாக எட்டு சிலிண்டர் உள்ள இன்ஜின். 2021இல் அதற்குப் பதிலாக ஆறு சிலிண்டர் வி6 இன்ஜினோடு 300 சீரிஸ் என்ற புதிய தலைமுறை வந்ததிலிருந்து இதே புலம்பல்தான். எனக்கு இதில் துளியும் உடன்பாடு இல்லை.

கொஞ்சம் பின்னால் போய்ப் பாருங்கள். 1951இல் பிஜே என்ற பெயரில் வந்த முதல் வண்டியில் இருந்தது 3.4 லிட்டர் பெட்ரோல் இன்ஜின். ஒரே வரிசையில் ஆறு சிலிண்டர். 40 சீரிஸில் 3.9 லிட்டர், பிறகு 4.2 லிட்டர். அவையும் நேர்வரிசை ஆறுதான். இடையில் நான்கு சிலிண்டர் டீசல்களும் வந்தன. ஆனால் 60, 80 சீரிஸ் வரை பெரிய இன்ஜின் என்றால் அந்த நீளமான ஆறு சிலிண்டர்தான். முதல் வி8 வந்ததே 1998இல், 100 சீரிஸில். வி8 டீசல் இன்னும் தாமதம், 2007. ஆக, பெரிய லேண்ட் க்ரூசரில் வி8 இருந்தது சுமார் 23 வருஷம். அதற்கு முந்தைய 47 வருஷத்தில்தான் இந்த வண்டி பாலைவனத்திலும் சுரங்கத்திலும் பெயர் வாங்கியது.

வி8இன் சத்தம் அருமை, மறுக்கவே மாட்டேன். ஆனால் பலம் குறைந்துவிட்டது என்பது உண்மையில்லை. 200 சீரிஸின் 4.5 லிட்டர் வி8 டீசல் தந்த டார்க், அதாவது இழுவைத் திறன், 650 நியூட்டன் மீட்டர். 300இன் 3.3 லிட்டர் வி6 டீசல் 700 தருகிறது. ஆஸ்திரேலியாவில் விற்கும் 70 சீரிஸில் முன்பு இருந்த வி8 டீசலுக்கு 151 கிலோவாட், 430 நியூட்டன் மீட்டர். அதன் இடத்துக்கு வந்த 2.8 லிட்டர் நான்கு சிலிண்டர், ஆட்டோமேட்டிக் கியரோடு, 150 கிலோவாட், 500 நியூட்டன் மீட்டர். பாதி சிலிண்டரில் கூடுதல் இழுவை!

சரி, அப்படியானால் எதையுமே இழக்கவில்லையா? எளிதாகப் பழுதுபார்க்கும் வசதியை இழந்தோம். ஆனால் அதை வி8 வந்தபோதே இழக்கத் தொடங்கிவிட்டோம். அந்த 4.7 லிட்டர் பெட்ரோல் வி8இல் ஸ்டார்ட்டர் மோட்டார் எங்கே இருக்கிறது தெரியுமா? இரண்டு சிலிண்டர் வரிசைகளுக்கு நடுவே உள்ள பள்ளத்தில், இன்ஜினுக்குள் காற்றைக் கொண்டுபோகும் இன்டேக் மேனிஃபோல்டுக்கு அடியில். மோட்டாரை மாற்ற வேண்டுமென்றால் மேனிஃபோல்டையே கழற்ற வேண்டும்.

பக்கத்திலேயே லேண்ட் க்ரூசரின் இன்னொரு இன்ஜினான 1எச்இசட் டீசலை வைத்துப் பாருங்கள். 4.2 லிட்டர், நேர்வரிசை ஆறு, டர்போ கிடையாது. பானெட்டைத் திறந்தால் இன்ஜினின் இரண்டு பக்கமும் கை தாராளமாகப் போகும். டீசல் ஃபில்டரை மாற்றினால், அதன் தலையில் இருக்கும் பிரைமர் என்ற சின்னக் கைப்பம்பை உள்ளங்கையால் அழுத்த வேண்டியதுதான். முதலில் லொடலொடவென்று இறங்கும். காற்று வெளியேறி டீசல் நிறைந்ததும் இறுகிவிடும். அவ்வளவுதான், ஸ்டார்ட் செய்யலாம். ஒருமுறை ஓடத் தொடங்கிவிட்டால் அதற்குத் தேவையான மின்சாரம் பம்பில் உள்ள எரிபொருள் வால்வைத் திறந்து வைக்கும் அளவுக்கு மட்டும்தான். மெதுவான வண்டிதான், மேட்டில் பொறுமை வேண்டும். ஆனாலும் நிவாரண அமைப்புகள் இதை விரும்பி வாங்குவதற்குக் காரணம் இதுதான்.

இதற்காக நேர்வரிசை ஆறு எல்லாமே குறையற்றது என்று சொல்ல வரவில்லை. 80 சீரிஸின் 1எச்டி-டி டர்போ டீசலில் பிஸ்டனை கிராங்க்ஷாஃப்டோடு இணைக்கும் கனெக்டிங் ராடின் பேரிங் சீக்கிரம் தேய்வது ஊரறிந்த விஷயம். புதிய வி6ம் அப்படித்தான். 300இல் உள்ள அதே 3.5 லிட்டர் பெட்ரோல் குடும்ப இன்ஜின் டொயோட்டாவின் டண்ட்ரா பிக்கப்பிலும் இருக்கிறது. உற்பத்தியின்போது உள்ளே தங்கிய உலோகத் துகளால் 2024இல் அமெரிக்காவில் சுமார் ஒரு லட்சம் வண்டிகளைத் திரும்ப அழைத்தார்கள். இதைச் சொல்லி வி6ஐக் குறை சொன்னால் நியாயம், ஒத்துக்கொள்கிறேன். சிலிண்டர் எண்ணிக்கையைச் சொல்லிக் குறை சொன்னால் நியாயமில்லை.

அப்புறம், பழைய லேண்ட் க்ரூசர் தேடுபவர்களுக்கு ஒன்று: பின்கதவில் வி8 என்று எழுதியிருப்பதற்காக மட்டும் கூடுதல் பணம் கொடுக்காதீர்கள். ஆள் இல்லாத பாதையில் நெடுந்தூரம் போகிறவர் என்றால் 1எச்இசட் பாருங்கள். வேகமும் வேண்டும் என்றால் 100 சீரிஸில் வந்த நேர்வரிசை ஆறு சிலிண்டர் டர்போ டீசலான 1எச்டி-எஃப்டிஇ. 1எச்டி-டி என்றால், பேரிங் மாற்றியதற்கான பில் இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள், விலையை அப்புறம் பேசலாம்.