முடக்காதீர்கள் என்று சொல்பவர்களிடம் ஒரு கோரிக்கை

நாடாளுமன்றக் கூட்டத்தொடர் தொடங்குவதற்கு முன்பு அனைத்துக் கட்சிக் கூட்டம் நடப்பது வழக்கம். எதிர்க்கட்சிகள் தாங்கள் விவாதிக்க விரும்பும் பொருள்களை அங்கே வைக்கின்றன. விதிகளுக்கு உட்பட்டு எதையும் விவாதிக்க அரசு தயார், அவையை மட்டும் முடக்காதீர்கள் என்று அமைச்சர் வெளியே வந்து செய்தியாளர்களிடம் சொல்கிறார். பிறகு காலை பதினொரு மணிக்கு அவை கூடுகிறது, பதாகைகள் உயர்கின்றன, பன்னிரண்டு மணி வரை ஒத்திவைப்பு, அதன்பின் இரண்டு மணி வரை, அதன்பின் நாள் முழுவதும். அவை நடக்க வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் முடக்காதீர்கள் என்று கேட்பவர்கள் தங்கள் பங்குக்கு எதைக் கொடுக்கிறார்கள் என்பதையும் நாம் கேட்டாக வேண்டும்.

திருவொற்றியூரில் வசிக்கும் எனக்கு இந்தக் கேள்வி உறைத்தது 2023 டிசம்பரில். மிக்ஜாம் புயல் மழை வடிந்த கையோடு, மணலி தொழிற்பகுதியிலிருந்து வெளியேறிய எண்ணெய் பக்கிங்ஹாம் கால்வாய் வழியாகவும் கொசஸ்தலை ஆற்றின் வழியாகவும் எண்ணூர் முகத்துவாரம் வரை வந்து படிந்தது. மீனவர்கள் படகில் அமர்ந்து, பக்கெட்டாலும் மக்காலும் அந்தக் கறுப்புப் படலத்தை அள்ளி அள்ளிப் பீப்பாய்களில் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். வலைகள் கறுத்துப் பிசுபிசுத்துக் கிடந்தன; நாரைகளின் இறகில்கூட எண்ணெய். ஒன்றிய அரசின் பெட்ரோலியத் துறைக்குக் கீழ் வரும் நிறுவனத்தின் பெயர் அடிபட்ட விவகாரம் அது. நாடாளுமன்றம் கூடியிருந்த நேரம். கேட்க வேண்டிய இடம் அதுதான், கேட்க வேண்டியவர் எங்கள் வடசென்னைத் தொகுதி உறுப்பினர்தான்.

அந்த டிசம்பர் 18 அன்று வடசென்னை, மத்திய சென்னை, தென்சென்னை ஆகிய மூன்று தொகுதிகளின் மக்களவை உறுப்பினர்களும் ஒரே நாளில் இடைநீக்கம் செய்யப்பட்டார்கள். அதற்கு ஐந்து நாள் முன்பு, 13ஆம் தேதி, பார்வையாளர் மாடத்திலிருந்து இருவர் அவைக்குள் குதித்து வண்ணப் புகையைக் கக்கவிட்டிருந்தார்கள். அதுபற்றி உள்துறை அமைச்சர் அவையில் விளக்கம் அளிக்க வேண்டும் என்பதே எதிர்க்கட்சிகளின் கோரிக்கை. அந்த ஒரு விளக்கத்தைக் கொடுக்காமல் இரு அவைகளிலும் சேர்த்து 146 பேரை வெளியே அனுப்பினார்கள். அவையிலேயே இல்லாத சேலம் உறுப்பினரின் பெயரும் முதலில் பட்டியலில் சேர்ந்து, பிறகு நீக்கப்பட்டது என்றால் எவ்வளவு அவசரம் என்று பாருங்கள். இடைநீக்கம் செய்யப்பட்டவர்கள் எழுதிக் கொடுத்திருந்த கேள்விகளும் பட்டியலிலிருந்து எடுக்கப்பட்டன. பெரும்பாலான எதிர்க்கட்சி இருக்கைகள் காலியாக இருந்த அந்த வாரத்தில்தான், இந்திய தண்டனைச் சட்டத்துக்கு மாற்றான சட்டம் உட்பட மூன்று குற்றவியல் சட்டங்கள் 20ஆம் தேதி மக்களவையிலும் 21ஆம் தேதி மாநிலங்களவையிலும் நிறைவேறின. இன்று வண்ணாரப்பேட்டையிலிருந்து எண்ணூர் வரை எந்தக் காவல் நிலையத்துக்குப் போனாலும் வழக்குப் பதிவாவது அந்தச் சட்டங்களின்படிதான். அவை முடங்கியதால் எனக்கு நேர்ந்த இழப்பைவிட, எங்கள் உறுப்பினர் இல்லாமலே அவை நடந்ததால் நேர்ந்த இழப்பு பெரிது என்று நான் நினைப்பது இதனால்தான்.

ஒன்றியத்தில் ஆளும் பாஜகவுக்குத் தன் பழைய நிலைப்பாடு தெரியாததல்ல. 2010 குளிர்காலக் கூட்டத்தொடரை, 2ஜி அலைக்கற்றை விவகாரத்தில் நாடாளுமன்றக் கூட்டுக்குழு விசாரணை கேட்டு, கிட்டத்தட்ட முழுவதுமாக நடக்கவிடாமல் செய்தவர்கள் அவர்கள். 2012இல் நிலக்கரிச் சுரங்க ஒதுக்கீட்டுக்காக அவை முடங்கியபோது, முடக்குவதும் சில வேளைகளில் நாட்டுக்கு நன்மை தரும் என்று வாதிட்டவர் அன்றைய மாநிலங்களவை எதிர்க்கட்சித் தலைவர் அருண் ஜெட்லி. அவர்கள் கேட்ட 2ஜி கூட்டுக்குழுவும் 2011இல் அமைந்தது. அதாவது, முடக்கினால்தான் கிடைக்கும் என்ற பாடத்தை அன்றைய ஆளுங்கட்சியும் சேர்ந்தே கற்றுக்கொடுத்தது.

எதிர்க்கட்சிகளிடமும் எனக்கு வருத்தம் உண்டு, அதை மறைக்க விரும்பவில்லை. முடக்கத்துக்கு முதல் பலி கேள்வி நேரம். 2025 மழைக்காலக் கூட்டத்தொடரில் மக்களவைப் பட்டியலில் இருந்த 419 நட்சத்திரக் கேள்விகளில் 55க்குத்தான் வாய்மொழியாகப் பதில் கிடைத்தது. அமைச்சர் எழுந்து நின்று, துணைக் கேள்விக்குத் தடுமாறிப் பதில் சொல்லும் அந்த ஒரு மணி நேரத்தை அரசுக்கு இலவசமாக விட்டுக்கொடுக்கலாமா? மசோதாக்களோ கூச்சலுக்கு நடுவே குரல் வாக்கெடுப்பில் நிறைவேறிக்கொண்டுதான் இருக்கின்றன. 2018இல் காவிரி மேலாண்மை வாரியத்துக்காக அதிமுக உறுப்பினர்கள் நாள்தோறும் அவையின் மையப்பகுதியில் நின்றார்கள். கோரிக்கை நியாயமானது, நம் தண்ணீர். ஆனால் அவையில் ஒழுங்கு இல்லை என்ற காரணத்தைச் சொல்லியே, ஆந்திரக் கட்சிகள் கொண்டுவந்த நம்பிக்கையில்லாத் தீர்மானம் அந்தத் தொடர் முழுவதும் எடுக்கப்படாமல் போனது. அதே தொடரில் பட்ஜெட்டும் மக்களவையில் விவாதமின்றி நிறைவேறியது.

நம் சட்டமன்றத்தின் கதையும் வேறல்ல. 2016 ஆகஸ்டில் திமுக உறுப்பினர்கள் கூண்டோடு வெளியேற்றப்பட்டார்கள். 2024 ஜூனில், கள்ளக்குறிச்சி கள்ளச்சாராயச் சாவுகளைப் பற்றிக் கேட்ட அதிமுகவினருக்கும் அதே கதிதான்.

1918இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றிய பெரம்பூர் எங்கள் பக்கம்தான். முதலில் வேலைக்குத் திரும்புங்கள், பிறகு பேசலாம் என்று நிர்வாகம் சொன்னால் அதன் பொருள் என்ன என்று இங்கே சங்கத்தில் இருந்த எவரையும் கேட்டுப் பாருங்கள். பேச்சுவார்த்தைக்குத் தேதி குறித்தால்தான் வேலைநிறுத்தம் முடியும். நாடாளுமன்றத்திலும் அப்படித்தான் நடந்திருக்கிறது. வாக்காளர் பட்டியல் தீவிரத் திருத்தம் பற்றிப் பேச முடியாது என்று 2025 மழைக்காலத் தொடர் முழுவதும் மறுத்தார்கள். ஒதுக்கிய 120 மணி நேரத்தில் மக்களவை நடந்தது 37 மணி நேரம். தேர்தல் சீர்திருத்தம் என்ற தலைப்பில் டிசம்பர் 9, 10 தேதிகளில் விவாதத்துக்கு ஒப்புக்கொண்டதும் அதே உறுப்பினர்கள் உட்கார்ந்து பேசினார்கள், உள்துறை அமைச்சர் பதிலளித்தார்.

ஆகவே என் கோரிக்கை இதுதான். பிரிட்டன் மக்கள் அவையில் ஒரு கூட்டத்தொடருக்கு 20 நாள்கள் எதிர்க்கட்சிக்கென்றே ஒதுக்கப்படுகின்றன. அந்த நாள்களில் எதை விவாதிப்பது என்பதை அவர்களே முடிவு செய்கிறார்கள். நம் மக்களவையிலோ வெள்ளிக்கிழமை பிற்பகல் இரண்டரை மணி நேரம் அமைச்சரல்லாத உறுப்பினர்கள் கொண்டுவரும் தனிநபர் மசோதாக்களுக்கும் தீர்மானங்களுக்கும் உண்டு. எதிர்க்கட்சிக்கென்று ஒரு நாளும் கிடையாது. வாரத்தில் ஒரு நாளை விதியில் எழுதியே எதிர்க்கட்சிக்குக் கொடுங்கள், அன்று சம்பந்தப்பட்ட அமைச்சர் அவையில் இருந்து பதில் சொல்லட்டும். அதற்கு ஈடாக, என்ன நடந்தாலும் கேள்வி நேரத்தைத் தொடமாட்டோம் என்று எதிர்க்கட்சிகள் எழுதிக் கொடுக்கட்டும். அடுத்த அனைத்துக் கட்சிக் கூட்டத்தில் இதை எழுத்தில் வைக்க வேண்டும் என்று எங்கள் தொகுதி உறுப்பினருக்குக் கடிதம் அனுப்பப் போகிறேன். ராயபுரம், தண்டையார்பேட்டை, கொளத்தூர், பெரம்பூர்ப் பக்கத்து நண்பர்கள் எந்தக் கட்சிக்காரராக இருந்தாலும் அதே உறுப்பினருக்குத் தாங்களும் ஒன்று எழுத வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.